வெறும் ஆப்பிள்

மாஸ்டர் வாயைத் திறந்தால் கியர், கிளட்ச், தக்காளி, இந்த மூன்றும்தான் வரும். டிரைவிங் ஸ்கூலுக்குக் கார் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதல் இரண்டும் தேவை. மூன்றாவது எதற்கென்று கேட்க அவர்களுக்குத் தைரியம் கிடையாது. எதிரே வரும் லாரியைப் பார்த்தபடி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் வேறென்ன செய்வார்கள், தலையை ஆட்டுவார்கள். "தக்காளியை விட்டேன், கத்திரிக்காயை விட்டேன், உருளைக்கிழங்கை விட்டேன். பால், கோதுமை, சர்க்கரை, எல்லாத்துக்கும் ஒரு கும்பிடு போட்டேன். இப்ப பாருங்க!" என்று ஓடுகிற காரில் இரண்டு கைகளையும் அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டி, விரல்களை மடக்கி விரித்துக் காட்டுவார். அவர் சீட்டுக்குக் கீழே தனியாக ஒரு பிரேக் இருந்ததால் இதுவரை யாரும் சாகவில்லை. முதுகுக்குப் பின்னால் அவருக்குப் 'பத்தியம்' என்று பெயர்.

அவர் பீற்றிக்கொள்வதிலும் நியாயம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் அந்தக் கைகளால் சட்டைப் பொத்தானைப் போட முடியாது. காலையில் எழுந்தால் விரல்கள் உப்பிக்கொண்டு, யாருடைய கைகளோ போலக் கிடக்கும். கல்யாண மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடச் சொல்லிக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடமே கெஞ்ச வேண்டியிருந்தது. முடக்குவாதம் என்றார் டாக்டர். உடம்பு தன் மூட்டுகளையே எதிரி என்று நினைத்து அரிக்கிற நோய். வாரத்துக்கு ஒரு தடவை ஒரு மாத்திரை, மறுநாள் ஒரு சத்து மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை.

"சாப்பாடு, டாக்டர்?" என்று கேட்டார் மாஸ்டர்.

"காய்கறி, மீன் நிறைய சாப்பிடுங்க. எடையைக் குறைங்க. ஏதாவது சாப்பிட்டு ஒத்துக்கலைன்னு தெரிஞ்சா அதை விட்டுடுங்க. சில பேருக்கு அப்படி இருக்கும். ஆனா மாத்திரைய மட்டும் விடாதீங்க."

கடைசி வாக்கியம் மாஸ்டரின் காதில் ஏறவில்லை. கொஞ்ச நாள் மாத்திரை போட்டார், குமட்டியது. அதே மாத்திரையைப் புற்றுநோய்க்கும் கொடுப்பார்கள் என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லிவைத்தான். அவ்வளவுதான், பெட்டியோடு தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் பத்தியத்தில் குதித்தார்.

அவர் மனைவி மருந்துக்கடையில் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவள். மாஸ்டரின் தங்கை கடை வாசலில் நின்று "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே, கடை முதலாளியில் ஆரம்பித்து இருமல் மருந்து வாங்க வரும் கிழவர் வரை எல்லோருக்கும் அண்ணியாகிப் போனவள். மாத்திரையை நிறுத்தியவர்களை அண்ணி பார்த்திருக்கிறாள். கொஞ்ச காலம் காணாமல் போய், வலி தாங்காமல் திரும்பி வரும்போது, மருந்துப் பையை விரலால் பிடிக்க முடியாமல் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு போவார்கள். அந்த மணிக்கட்டு மாஸ்டருடையதாக ஆகிவிட்டால்?

கெஞ்சினாள். சண்டை போட்டாள். பேசாமல் இருந்து பார்த்தாள். மாஸ்டர் அசையவில்லை. அவருடைய பத்தியத்தில் எல்லாம் விலக்கப்பட்டு மிச்சம் இருந்தவற்றில் ஆப்பிள் ஒன்று. அதைத் தோல் சீவி, வேகவைத்து, மசித்து, பட்டைப் பொடி தூவித் தினமும் சாயங்காலம் ஒரு கிண்ணம் கொடுப்பாள். ஒரு சனிக்கிழமை அந்தக் கிண்ணத்தில் மாத்திரையையும் கரைத்துக் கலந்தாள். அந்த மாத்திரையை உடைக்கக் கூடாது, கரைக்கக் கூடாது, கண்ட இடத்தில் தொடக் கூடாது என்று கடையில் எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறாள்! கையில் உறை மாட்டிக்கொண்டு, கொலை செய்கிறவள் போலக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு செய்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கிண்ணத்தில் சத்து மாத்திரை. "பத்தியம் இருக்கிறவங்களுக்கு ரத்தத்துல சத்து குறையுமாம், பார்த்துக்கணும்" என்று சொல்லி ரத்தப் பரிசோதனைக்கும் கூட்டிப் போனாள். அந்த ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டி, "அவருக்கு லீவு கிடைக்கல சார்" என்று சொல்லி மறுபடி சீட்டு எழுதி வாங்கினாள். டாக்டர் மாஸ்டரின் ஒழுங்கைப் பாராட்டினார்.

சில மாதத்தில் மாஸ்டர் ஹேண்ட் பிரேக்கைத் தானே இழுத்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். "நாக்கைக் கட்டினேன், கை திரும்பி வந்திடுச்சு பாத்தியா!" என்றார். சொல்லிவிடலாம் என்று அவள் வாயெடுத்தாள். அந்த முகத்தைப் பார்த்தாள், மென்று விழுங்கிவிட்டாள். நல்லதுதானே நடந்திருக்கிறது, இதனால் யார் குடி கெட்டுப்போயிற்று என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். கெடப்போகிற குடி பக்கத்துத் தெருவில் இருந்தது.

பக்கத்துத் தெரு பேக்கரிக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தாள் மாஸ்டரின் தங்கை. கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளைகள் இல்லை. அவளுக்கு இருந்ததெல்லாம் அவளுடைய இரண்டு கைகளும் அவற்றில் இருந்த வித்தையும்தான். கேக்கின் மேல் கிரீம் பிழிந்து பூ வைப்பாள், கொடி படரவிடுவாள், யார் பெயரைச் சொன்னாலும் கிரீம் அடைத்த கோனை ஒரே இழுப்பில் ஓட்டி எழுதுவாள். கடையில் கிரீமின் பதத்தைச் சுண்டுவிரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பதும் அவள் வேலைதான். குடும்பச் சொத்தைப் போல அண்ணனின் நோய் அவளுக்கும் வந்திருந்தது. ஆனால் ஒழுங்காக மாத்திரை போட்டு வந்தாள். மணிக்கட்டு லேசாக வீங்கும், மாத்திரை போட்ட மறுநாள் கிரீம் வாசனைக்கு வயிற்றைப் புரட்டும், சீப்பில் முடி நிறைய வரும். மற்றபடி கைகள் ஓடிக்கொண்டிருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் வீட்டுக்கு வந்தவள், தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "நேத்து மாத்திரை போட்டேன், இன்னிக்கு எதுவும் இறங்காது" என்றாள். மாஸ்டருக்கு அது போதும், பிடித்துக்கொண்டார்.

"மாத்திரை போட்டு என்னத்தைக் கண்ட? முடி கொட்டுது, சோறு இறங்கல. என்னைப் பாரு. ஒரு மாத்திரை தொடறேனா?" விரல்களை மடக்கி விரித்துக் காட்டினார். "உனக்கும் எனக்கும் ஓடறது ஒரே ரத்தம். எனக்கு ஒத்துவந்தது உனக்கு வராதா?"

"மாத்திரையும் போட்டுக்கிட்டே பத்தியமும் இருக்கலாமே" என்றாள் அண்ணி. சொல்லும்போதே குரல் உள்ளே போயிற்று.

"நீ மாத்திரை விக்கிறவ. வேற எப்படிப் பேசுவ?"

தங்கை சிரித்தாள். "அண்ணிக்கு வியாபாரம் போயிடுமேன்னு கவலை!"

மூன்று பேரும் சிரித்தார்கள். ஆமாம், அண்ணியும்தான் சிரித்தாள். அன்றைக்கே, அந்தத் தட்டுகளுக்கு நடுவிலேயே, 'இவர் மாத்திரை தின்றுகொண்டுதான் இருக்கிறார்' என்று போட்டு உடைத்திருக்க வேண்டும். உடைத்தால் மாஸ்டர் மறுபடி அவள் கையால் ஒரு வாய் வாங்கிச் சாப்பிட மாட்டார், கைகள் மறுபடி உப்பும், வேலை போகும் என்று கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கில் நாத்தனாரின் கைகளைச் சேர்க்க மறந்துவிட்டாள். மறக்கவில்லை, அதுதான் உண்மை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தாள்.

தங்கை மாத்திரையை நிறுத்தினாள். முதலில் அமோகமாக இருந்தது. குமட்டல் நின்றது, பசித்தது. "அண்ணன் சொன்னது சரிதான் அண்ணி, நான்தான் இத்தனை நாள் முட்டாளா இருந்திருக்கேன்" என்று கடை வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு விரல் கணுக்கள் சிவந்தன. காலையில் அறைக் கதவின் தாழ்ப்பாளைத் திறக்க முடியவில்லை.

"என்ன சாப்பிட்ட?" இதுதான் மாஸ்டரின் முதல் கேள்வி.

"ஒண்ணும் இல்லண்ணா. நீங்க சொன்னதுதான்."

"நல்லா யோசி. ஏதோ ஒண்ணு உள்ள போயிருக்கு. இல்லாம இப்படி வீங்காது."

அவள் யோசித்தாள். பிறகு யோசிப்பதே அவளுக்கு வேலையாகிவிட்டது. ஒவ்வொரு வீக்கத்துக்கும் ஒரு குற்றவாளி தேவைப்பட்டது. பருப்பாக இருக்குமோ? முட்டையா? பேக்கரிக்குள் பறக்கிற மாவு மூக்கு வழியாகப் போகிறதோ? மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்தாள். மாஸ்டர்தான் கண்டுபிடித்தார்: "கிரீமைத் தொட்டு நக்கற இல்ல? அதுதான். பால், சர்க்கரை ரெண்டும் அதுல இருக்கு. ஒரு துளி போதும், எல்லாம் பாழ்." அன்றிலிருந்து அடுப்படி ஆளைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொன்னாள். கிரீம் பட்ட விரலை உடனே துடைத்தாள். வாழ்நாளில் அவளுக்கு இருந்த ஒரே சின்னத் திருட்டு இனிப்பு அது, அதையும் விட்டாள். வீக்கம் மணிக்கட்டுக்கு ஏறியது. பருப்பை விட்டாள், முட்டையை விட்டாள், மீனையும் விட்டாள். டாக்டர் சாப்பிடச் சொன்னதைக்கூட விட்டாள். சட்டை தோளில் நிற்காமல் வழுக்குகிற அளவுக்கு இளைத்தாள்.

அண்ணி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "மறுபடி மாத்திரை போடும்மா, ஒரு தடவை டாக்டரைப் பாரு" என்று சுற்றிச் சுற்றி வந்து சொன்னாள். எல்லாம் சொன்னாள், சொல்ல வேண்டியதைத் தவிர.

ஒரு நாள் தங்கை மருந்துக்கடைக்கு வந்து, மற்றவர்கள் போகும் வரை காத்திருந்தாள். "அண்ணி, ஒண்ணு கேட்டா தப்பா நினைச்சுக்க மாட்டீங்களே? அண்ணனுக்குச் செய்வீங்களே ஆப்பிள், அது எனக்கும் கொஞ்சம் செஞ்சு குடுங்க. நானும் செஞ்சு பார்த்தேன், அதே மாதிரிதான் செய்யறேன். எனக்குக் கேக்க மாட்டேங்குது. உங்க கைப்பக்குவத்துல ஏதோ இருக்கு."

கைப்பக்குவம்! அண்ணிக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. "செய்யறேன்மா" என்றாள்.

சனிக்கிழமை இரண்டு கிண்ணங்கள் வைத்தாள். ஒன்றில் கலந்தாள். இன்னொன்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். அவருக்கு ரத்தப் பரிசோதனை செய்கிறோம், இவளுக்கு எதைச் சொல்லிக் கூட்டிப்போவது? சாப்பிடாமல் எலும்பாகிக் கிடக்கிற உடம்பு, ஏதாவது ஆகிவிட்டால்? கேட்காமல் கலக்க நான் யார்? கணவன் என்றால் சரி, அடுத்தவள் உடம்பு. நியாயங்கள் வரிசை கட்டிக்கொண்டு வந்தன. எல்லாம் சரியான நியாயங்கள்தான். வாயைத் திறந்து சொல்லிவிடு என்கிற நியாயம் மட்டும் வரிசையில் நிற்கவே இல்லை. கிண்ணத்தை மூடி, வெறும் ஆப்பிளைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தங்கை அதை மருந்து போல, ஸ்பூனை முஷ்டிக்குள் செருகிப் பிடித்துக்கொண்டு, ஒரு துளி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். அதற்கப்புறம் வாராவாரம் கொண்டுபோனாள். வாராவாரம் "இந்தத் தடவை கொஞ்சம் பரவாயில்லை அண்ணி" என்றாள் தங்கை. பரவாயில்லாமல் ஒன்றும் இல்லை. விரல்கள் ஒவ்வொன்றாகச் சுண்டுவிரல் பக்கம் சாய ஆரம்பித்திருந்தன.

ஒரு பிறந்தநாள் கேக்கில் பெயர் எழுதும்போது கோன் கையிலிருந்து நழுவியது. எழுத்துகள் இழுத்துக்கொண்டு விளிம்புக்கு ஓடின. வாங்க வந்த அம்மா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதை யார் எழுதினது, குழந்தையா?" என்று கேட்டாள். பேக்கரி முதலாளி நல்ல மனுஷர், வேலையை விட்டு அனுப்பவில்லை. அட்டைப் பெட்டி மடிக்கிற வேலைக்கு மாற்றினார். கொஞ்ச நாளில் அட்டையும் மடங்கவில்லை. பிறகு பூட்டிய அறையிலிருந்து அவள் கீழே வருவதே நின்றது.

அண்ணிதான் அவளைக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். மாஸ்டரைப் பார்த்திராத வேறொரு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்தார்.

"ஏன்மா மாத்திரைய நிறுத்தினீங்க?"

"எங்க அண்ணன் மாத்திரை இல்லாமலே நல்லாயிட்டாரு டாக்டர். சாப்பாட்டுலயே. எனக்குத்தான் சரியா பத்தியம் இருக்கத் தெரியல."

இவளிடம் சொல்லிப் பயனில்லை என்பது போல டாக்டர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி தரையைப் பார்த்தாள். "மறுபடி ஆரம்பிக்கலாம். இனிமே அரிக்காம நிறுத்தலாம், வலி குறையும்" என்றார் டாக்டர். "ஆனா அரிச்சது அரிச்சதுதான். இந்த விரல்கள் இனி நேராகாது."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் ஒருவர் டோக்கனை வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

"மீனை முதல்லயே விட்டிருக்கணும் அண்ணி" என்றாள் தங்கை. "அதுலதான் கோட்டை விட்டுட்டேன்."

அதற்கு மேல் அண்ணியால் முடியவில்லை.

"உங்க அண்ணன் மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுதான் இருக்காரு."

தங்கைக்குப் புரியவில்லை. "யாருக்கும் தெரியாமலா?"

"அவருக்கே தெரியாம. நான்தான் ஆப்பிள்ல கலந்து குடுக்கறேன். ஆரம்பத்துல இருந்தே."

தங்கை மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எனக்குக் குடுத்ததுல?"

"ஒண்ணும் இல்ல."

"வெறும் ஆப்பிளா?"

"வெறும் ஆப்பிள்தான்."

அழுவாள், கத்துவாள், அறைவாள் என்று அண்ணி காத்திருந்தாள். அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"எனக்கும் கலந்திருக்கலாமே அண்ணி."

"உன்னைக் கேக்காம எப்படிம்மா..."

"அண்ணனைக் கேட்டுட்டா கலந்தீங்க?" குரலில் கோபம்கூட இல்லை. "சரி, கலக்க வேணாம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அண்ணன் மாதிரி பிடிவாதக்காரி இல்லையே. நீங்க சொன்னா நான் கேட்டிருப்பேனே."

தங்கை எழுந்திருக்கப் பார்த்தாள், பெஞ்சைப் பிடித்து எழுந்திருக்க விரல்கள் ஒத்துழைக்கவில்லை. அண்ணி தாங்கப் போனாள். வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டு, முழங்கையை ஊன்றித் தானே எழுந்தாள்.

"அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். "ரோஷத்துல நிறுத்திடுவாரு. அவர் கையாவது இருக்கட்டும்." சரி என்று அண்ணி தலையாட்டினாள்.

சாயங்காலம் அண்ணி வீட்டுக்கு வந்தபோது மாஸ்டர் சாப்பாட்டு மேஜையில் காத்திருந்தார். நேரமாகிவிட்டதால் ஆப்பிளைத் தானே வேகவைத்து மசித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை அது.

"என்ன சொன்னார் டாக்டர்?"

"விரல் இனி நேராகாதாம்."

மாஸ்டரின் முகம் சுருங்கியது. தங்கை மேல் அவருக்கு உயிர், அதில் சந்தேகமில்லை. கொஞ்ச நேரம் ஸ்பூனைச் சுழற்றிக்கொண்டிருந்தார். பிறகு பெருமூச்சு விட்டார். "நான் எத்தனை சொன்னேன். நாக்கை அடக்கத் தெரியல அவளுக்கு. எனக்குத் தெரியாம கிரீமைத் தின்னுக்கிட்டுதான் இருந்திருப்பா. வேலை செய்யற இடம் அப்படி."

தங்கையின் வழுக்கும் சட்டைத் தோள் அண்ணியின் கண்ணில் வந்து நின்றது. கொடுத்த வாக்கு அந்த இடத்திலேயே அறுந்தது.

"அவ எதையும் தின்னல" என்றாள். "நீங்கதான் தின்னீங்க. வாராவாரம் சனிக்கிழமை, இதே கிண்ணத்துல. நீங்க குப்பையில போட்டீங்களே, அதே மாத்திரை. நான் கலந்து குடுத்தேன். உங்க கை நல்லானது அதனாலதான். தக்காளியாலயும் இல்ல, கோதுமையாலயும் இல்ல."

மாஸ்டர் அவளைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. காரில் மணிக்கணக்காகப் பேசுகிற வாய் திறந்தபடி நின்றது.

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

"இன்னிக்குத்தான் சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"உங்ககிட்ட சொல்ல வேணாம்னா. சொன்னா நீங்க மாத்திரைய நிறுத்திடுவீங்களாம். உங்க கையாவது இருக்கட்டுமாம்."

அவர் மேஜை மேல் குனிந்துகொண்டார். தோள்கள் குலுங்கின. அண்ணி அவரைத் தொடவில்லை, தொடுகிற தகுதி தனக்கு இல்லை என்று தோன்றியது. வெகுநேரம் கழித்து நிமிர்ந்தவர் முகத்தைத் துடைக்காமலே கேட்டார்.

"இன்னிக்குக் கலந்துட்டியா?"

"இல்ல. நீங்களே மசிச்சுட்டீங்களே."

"தனியா குடு."

அண்ணி அலமாரியின் மேல் தட்டிலிருந்து மாத்திரையை எடுத்து வந்தாள். மாஸ்டர் கையை நீட்டினார். ஐந்து விரல்களும் நேராக இருந்தன, ஒரு கணுவில்கூட வீக்கமில்லை. அந்தக் கையைப் பார்க்க அவளால் முடியவில்லை. மாத்திரையை மேஜையின் மேல் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள்.